பழைய பிளேட்டிங் பட்டறை இடத்தில் லைன் வீடு கட்டலாமா?

கேள்வி: ஐயா, ஓசூர் பக்கம் ரோஜாவுக்குப் பசுமைக்குடில் வைத்திருக்கிறேன். ஊருக்குச் சற்றுத் தள்ளி 60 சென்ட் இடம் விலைக்கு வருகிறது. 1990களில் ஆரம்பித்த குரோம், ஜிங்க் பிளேட்டிங் (இரும்புச் சாமானுக்கு உலோகப் பூச்சு போடும்) பட்டறை அது. மூடிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அக்கம்பக்கத்து விலையில் பாதிதான் கேட்கிறார்கள். நானும் என் மச்சானும் சேர்ந்து வாங்கி, கம்பெனி வேலைக்கு வருகிறவர்களுக்கு லைன் வீடு கட்டி வாடகைக்கு விடலாம் என்று இருக்கிறோம். அங்கே உள்ள போர் தண்ணீரை வெள்ளை பக்கெட்டில் பிடித்தால் லேசாக மஞ்சள் தெரிகிறது. லேபில் கொடுத்துப் பார்த்ததில் லிட்டருக்கு மொத்த குரோமியம் 2.4 மில்லிகிராம், ஃபுளோரைடு 1.7 என்று வந்தது. “மேல் மண்ணை ரெண்டு அடி வழித்துப் போட்டுவிட்டு நல்ல செம்மண் அடித்தால் சரியாகிவிடும், குடிக்க ஆர்.ஓ. வைத்துக்கொள்ளுங்கள், மீதித் தண்ணீர் ரோஜாவுக்கு ஆகும்” என்கிறார் புரோக்கர். வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், சுத்தமாக இருக்கிறது. சரிவில் கீழே மாடு வைத்துப் பிழைக்கிற ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்கள் போர் தண்ணீர் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். இடத்தை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே லைன் வீடு வேண்டாம் என்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். காரணத்தைச் சொல்ல மண்ணிலிருந்து அல்ல, தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்.

உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டையே எடுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500. அதில் மொத்த குரோமியத்துக்கு உச்ச வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். உங்களுடையது 2.4, அதாவது 48 மடங்கு. பக்கெட்டில் தெரிகிற மஞ்சள், அதில் இருப்பது குரோமியம்-6 வகை என்பதற்குப் பெரிய அடையாளம். குரோமியம்-3 தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். குரோமியம்-6 அப்படியில்லை. கரைந்து, தண்ணீர் போகிற பக்கமெல்லாம் போகும். புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதி செய்யப்பட்டதும் அதுதான். குரோம் தொட்டிப் பக்கம் வருடக்கணக்கில் நின்று வேலை பார்த்தவர்களுக்கு மூக்கின் நடுச்சுவரில் ஓட்டையே விழுவதுண்டு.

குரோம் பிளேட்டிங் தொட்டியில் ஒரு லிட்டருக்குச் சுமார் 250 கிராம் குரோமிக் அமிலம் இருக்கும். அதில் குரோமியம் மட்டும் 130 கிராம். 0.05 என்ற வரம்பை வைத்துக் கணக்குப் போட்டால், தொட்டியில் இருந்து சிந்துகிற ஒரே ஒரு லிட்டர், 26 லட்சம் லிட்டர் நிலத்தடி நீரை வரம்புக்குக் கொண்டுவந்து நிறுத்தப் போதும். 12,000 லிட்டர் லாரித் தண்ணீராகப் பார்த்தால் இருநூறு லாரிக்கு மேல். இருபது வருடம் ஓடிய பட்டறையில் தொட்டியிலிருந்து சாமானைத் தூக்கிக் கழுவும் தொட்டிக்குக் கொண்டுபோகிற வழியில் சொட்டியது, தரை விரிசலில் இறங்கியது, கழிவுநீர்க் குழாய் உடைந்து கசிந்தது எல்லாம் சேர்த்தால் எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மூடிவிட்டதால் அது நின்றுவிடாது. ராணிப்பேட்டையில் குரோமேட் தொழிற்சாலை மூடி முப்பது வருடம் ஆகிறது. இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை விட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பக்கத்து நிலத்தடி நீர்ப் பிரச்சினை இன்னும் தீர்ந்தபாடில்லை.

இப்போது ரெண்டு அடி மண் விஷயத்துக்கு வருவோம். நம் பக்கத்து நிலத்தில் மேலே சில அடி செம்மண், அதன் கீழே மொரம்பு (சரளை கலந்த கெட்டி மண்), அதற்கும் கீழே வெடிப்பு விட்ட கருங்கல் பாறை. செம்மண்ணில் உள்ள இரும்பு கொஞ்சம் குரோமியம்-6ஐப் பிடித்து வைக்கும். மண்ணில் மக்கிக் கிடக்கும் இலைதழை கொஞ்சத்தை குரோமியம்-3 ஆக மாற்றியும் விடும். அதற்கு மேல் வந்தது மொரம்பில் இறங்கி, பாறை வெடிப்பில் புகுந்துவிடும். தண்ணீரிலேயே 2.4 வந்துவிட்டது என்றால் சரக்கு ரெண்டு அடியைத் தாண்டிப் போய்விட்டது என்று அர்த்தம். இனி மேல் மண்ணை வழிப்பது, காலில் படுவதையும் குழந்தை வாயில் போவதையும் குறைக்குமே தவிர, உங்கள் போரை ஒன்றும் செய்யாது.

வழித்த மண் எங்கே போகும் என்று புரோக்கரிடம் கேட்டீர்களா? 60 சென்ட் என்பது 26,136 சதுர அடி. ரெண்டு அடி ஆழத்துக்கு எடுத்தால் 522 யூனிட் மண் (ஒரு யூனிட் நூறு கன அடி). நாலு யூனிட் பிடிக்கிற டிப்பரில் 130 நடை. நடைமுறையில் இது ராத்திரியோடு ராத்திரியாக ஏதாவது ஏரிக்கரையிலோ, வீட்டுமனை போடுகிறவர் இடத்திலோ கொட்டப்படும். இந்த வேலையில் எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். விஷம் ஒரு இடத்தில் இருந்தது நாலு இடத்துக்குப் பரவிவிடும், வாங்கிப் போட்டவருக்கு விஷயமே தெரியாது. சட்டப்படி பார்த்தால், மண்ணை எடுத்துக் கரைவுச் சோதனை செய்து, வடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் வந்தால் அது அபாயகரக் கழிவு. பட்டறையின் சுத்திகரிப்புத் தொட்டியில் படிந்த கசடோ, சோதிக்காமலேயே அந்தப் பட்டியலில் வந்துவிடும். 2016ஆம் வருட அபாயகரக் கழிவு விதிகளின்படி, அதற்கென்று அனுமதி பெற்ற வண்டியில், ஆவணத்தோடு, கும்மிடிப்பூண்டி மாதிரியான பாதுகாப்பான நிரப்பிடத்துக்குத்தான் போக வேண்டும். ஓசூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். வாடகையையும் அங்கே வாங்கும் கட்டணத்தையும் கணக்குப் போட்டால் பாதி விலை ஏன் பாதி விலையாக இருக்கிறது என்று விளங்கும். தோண்டி எடுத்த நிமிடத்திலிருந்து அந்தக் குவியலுக்குப் பொறுப்பு, இடத்தைக் கையில் வைத்திருக்கும் நீங்களும் உங்கள் மச்சானும்.

ஃபுளோரைடு 1.7ஐப் பட்டறை மேல் போடாதீர்கள். வரம்பு 1.0, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. கிருஷ்ணகிரி, தர்மபுரி பாறையிலேயே அது உண்டு. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. விற்கிறவர் தரப்பில் “இந்தப் பக்கத்துத் தண்ணீரே இப்படித்தான்” என்று ஃபுளோரைடைக் காட்டிக் குரோமியத்தையும் அதோடு சேர்த்து மழுப்பப் பார்ப்பார்கள். 2.4 குரோமியம் நம் பாறை கொடுப்பது அல்ல.

ஆர்.ஓ. குரோமியத்தைப் பெருமளவு பிடிக்கும், உண்மைதான். ஆனால் லைன் வீட்டில் பத்துக் குடும்பம் குடியிருந்தால் பாத்திரம் கழுவ, குளிக்க, குழந்தை வாய் கொப்பளிக்க எல்லாவற்றுக்கும் ஆர்.ஓ. தண்ணீரா கொடுப்பீர்கள்? ஆர்.ஓ. தள்ளிவிடுகிற கழிவுத் தண்ணீரில் குரோமியம் இன்னும் கெட்டியாக இருக்கும். அதுவும் அதே மண்ணில்தான் விழும். கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகிக் குரோமியம் மட்டும் மிஞ்சும். பிளீச்சிங் பவுடர் கொட்டுகிற யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சும்மா கிடக்கும் குரோமியம்-3ஐக்கூட அது குரோமியம்-6 ஆக்கிவிடும். ரோஜாவுக்கும் வேண்டாம். பாசன நீரில் குரோமியம் 0.1 வரைதான் இருக்கலாம் என்பது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு சொல்கிற அளவு. பயிரை விடுங்கள், பசுமைக்குடிலுக்குள் புகைபோல் தெளிக்கும்போது வேலை செய்கிற பெண்கள் அதைத்தான் மூச்சில் இழுப்பார்கள்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பது நல்லது, ஆனால் அது பத்திரத்தின் கதை. அடமானம் இருக்கிறதா, வேறு யாருக்காவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று சொல்லும். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாது. அதற்கு வேறு காகிதங்கள் வேண்டும். பட்டறைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணைகள், அதில் எந்த வேதிப்பொருள், எவ்வளவு கழிவுநீர், எவ்வளவு கசடு என்று எழுதியிருக்கும். கசடை எங்கே அனுப்பினார்கள் என்பதற்கான ஆவணம் இருக்க வேண்டும். மூடச் சொல்லி உத்தரவு ஏதாவது வந்ததா என்பதும் முக்கியம். விற்கிறவரிடம் கேளுங்கள். தராவிட்டால் வாரியத்தின் ஓசூர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். ஒரு சின்ன விஷயம்: கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல்தான் பிரிந்தது. பட்டறையின் ஆரம்ப காலக் காகிதங்களில் தர்மபுரி மாவட்டம் என்றுதான் இருக்கும். மனுவில் இரண்டையும் குறிப்பிடாவிட்டால் “எங்களிடம் அப்படி ஒன்றும் இல்லை” என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும்.

காகிதத்தைவிட அங்கே வேலை பார்த்தவர் ஒருவரைப் பிடிப்பது இன்னும் நல்லது. டீக்கடையில் விசாரித்தாலே கிடைப்பார். குரோம் தொட்டி எந்த வரிசையில் இருந்தது, கழுவிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது, கசடு உலர்த்திய இடம் எது, ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் எங்கே போட்டு மூடுவார்கள் என்று அவர் கை காட்டிச் சொல்வார். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தால் அவர் சொன்ன குழிகள் பல நேரம் அப்படியே தெரியும்.

மண் பரிசோதனைக்கு ஆள் வைக்கும்போது இந்தத் தகவல்தான் கைகொடுக்கும். நடுவில் ஒரு குழி தோண்டி ஒரு கவரில் மண் எடுத்துக்கொண்டு போகிறவரை நம்பாதீர்கள். தொட்டி வரிசைக்கு அடியில், கழிவுநீர் வாய்க்காலில், கசடுப் படுகையில், ஆசிட் கேன் வைத்த இடத்தில், செப்டிக் டேங்க் பக்கத்தில் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மேல்மண், அரை மீட்டர், ஒரு மீட்டர், அப்புறம் மொரம்பு தட்டும்வரை. சரிவுக்கு மேலே, பட்டறைத் தண்ணீர் எட்டாத ஒரு வயலில் இருந்தும் மண் எடுங்கள். ஊர் மண்ணில் இயல்பாகவே எவ்வளவு குரோமியம், நிக்கல் இருக்கிறது என்று தெரியாமல் ரிப்போர்ட்டைப் படிக்க முடியாது. மொத்த குரோமியமும் குரோமியம்-6ம் தனித்தனியாக வர வேண்டும். கூடவே நிக்கல், துத்தநாகம், காட்மியம், ஈயம், சயனைடு. சாமானில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க டிரைகுளோரோஎத்திலீன் மாதிரி கரைப்பான் பயன்படுத்தினார்களா என்றும் கேளுங்கள். ஆம் என்றால் அதையும் சோதிக்க வேண்டும். அது தண்ணீருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, பிற்பாடு வீட்டுத் தரை வழியாக ஆவியாக மேலே வரும். என்.ஏ.பி.எல். (பரிசோதனைக் கூடங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபாக இருக்கட்டும். குரோமியம்-6க்கான தண்ணீர் மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். எடுத்து நாலு நாள் கழித்து அனுப்பினால் வருகிற எண்ணுக்கு மதிப்பில்லை.

எந்த அளவுக்கு மேல் போனால் ஆபத்து? குடியிருப்புக்கு இந்த வேலையில் நாங்கள் அதிகம் ஒப்பிட்டுப் பார்ப்பது கனடா நாட்டு அளவை: ஒரு கிலோ மண்ணில் மொத்த குரோமியம் 64 மில்லிகிராம், குரோமியம்-6 என்றால் 0.4. எதற்காகச் சுத்தம் செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எண் மாறும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையில் பாதரசத்துக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று வைத்தார்கள். அது வீடு கட்டுகிற இடத்துக்கான அளவு, பக்கத்தில் சோலைக்காடு இருக்கும்போது இது போதாது என்று வருடக்கணக்கில் சண்டை நடந்தது. உங்கள் விஷயத்திலும் அதே கேள்விதான். மண்ணைக் கையால் தொடாத, குழந்தை விளையாடாத, முருங்கையும் கீரையும் போடாத ஒரு பயன்பாட்டுக்கு அந்த இடம் ஒத்துவரலாம். லைன் வீட்டில் இவை எல்லாமே நடக்கும். அதனால்தான் வீடு வேண்டாம் என்கிறேன். குடோன், லாரி நிறுத்துமிடம், முழுக்கத் தளம் போட்ட கிடங்கு என்று யோசித்தால் இன்னும் பேச இடம் இருக்கிறது. ஓசூரில் குடோனுக்கு வாடகை கிடைக்காமல் இல்லை.

அப்படி வாங்கினால் வேலை எப்படிப் போகும் என்று சொல்கிறேன். முழு 60 சென்ட்டையும் தோண்ட வேண்டியதில்லை. பெரும்பாலும் விஷத்தின் பெரும்பங்கு தொட்டி வரிசைக்கு அடியிலும் கசடுக் குழியிலும்தான் குவிந்து கிடக்கும். அதை மட்டும் வாரியத்தின் அனுமதியோடு எடுக்கலாம், அல்லது அங்கேயே அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கலந்து குரோமியம்-6ஐ குரோமியம்-3 ஆக்கி, சுண்ணாம்பு போட்டு நிலைப்படுத்தலாம். நிலத்தடி நீரில் உள்ளதற்கு வெல்லப்பாகுக் கரைசலைக் குழாய் வழியாகச் செலுத்துகிற முறைகூட இருக்கிறது. பாகைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட, குரோமியம்-6 தானாக மாறிவிடும். மணல் பாங்கான நிலத்தில் இது நன்றாக வேலை செய்யும். நம் பாறை வெடிப்பில் கரைசல் எந்தப் பக்கம் போகும் என்று சொல்வது கஷ்டம். அதனால் தண்ணீர் சீக்கிரம் சுத்தமாகிவிடும் என்று எவராவது உறுதிமொழி கொடுத்தால் எழுத்தில் கேளுங்கள், ஆளைக் காணோம் என்று ஆகிவிடும்.

பழைய கட்டடத்தை இடிக்கும்போதும் கவனம் வேண்டும். குரோம் ஊறிய தரையையும் மஞ்சள் ஏறிய செங்கலையும் வேறு வேலைக்குக் கொடுக்கக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஷீட்டை உடைக்காமல், நனைத்து, முழுசாக இறக்க வேண்டும். மூலையில் பழைய டிரம் ஏதாவது கிடந்தால் ஜேசிபி ஓட்டுநரைத் தொடவே விடாதீர்கள். ஜிங்க் பிளேட்டிங்கில் சயனைடு உப்பு பயன்படுத்துவார்கள். அதன் மேல் ஆசிட் பட்டால் வருகிற வாயு, நின்ற இடத்திலேயே ஆளைக் கொல்லும்.

அப்புறம் மழைநீர். புதுக் கட்டடம் என்றால் மழைநீர் சேகரிப்பு வைத்தே ஆக வேண்டும், பிளானில் உறிஞ்சு குழி ஒன்றைப் போட்டுவிடுவார்கள். எல்லா இடத்துக்கும் நல்லது செய்கிற அந்தக் குழி, இங்கே வருகிற ஒவ்வொரு மழைக்கும் குரோமியத்தைக் கீழே கழுவிவிடும். கூரைத் தண்ணீர் தொட்டியில் சேர்ந்து பயன்படட்டும், மீதி தளத்தின் மேலேயே ஓடி வெளியேறட்டும். அனுமதி வாங்கும்போதே பொறியாளரிடம் இதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். புது போரும் போடக் கூடாது. மேலே இருக்கும் விஷத்தை ஆழத்துக்கு இறக்க அதைவிட நல்ல வழி கிடையாது. பழைய போரை மூடிவிடாமல் பூட்டி வையுங்கள், தண்ணீரின் நிலைமையைத் தொடர்ந்து பார்க்க அது உதவும்.

செலவு யார் தலையில்? மாசுபடுத்தியவரே செலவு ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இல், வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கிலேயே நிலைநாட்டிவிட்டது. 2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களுக்கென்றே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியல் எடுக்க வேண்டும், வாரியம் ஆய்வு செய்து பொறுப்பாளியைக் கண்டுபிடித்து அவரிடம் வசூலிக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் மூடிய பட்டறையின் முதலாளியைத் தேடிப் பிடித்து, வசூலித்து முடிப்பதற்குள் உங்கள் வட்டி ஏறிவிடும். உங்களுக்கு உடனடியாக உதவுவது சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. வாங்குகிறவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத குறை இடத்தில் இருந்து, விற்கிறவருக்கு அது தெரிந்திருந்தால் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது அது. ஆனால் ஒன்று: மஞ்சள் தண்ணீரையும் லேப் ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டு நீங்கள் வாங்கினால், “எனக்குத் தெரியாது” என்று பிறகு சொல்ல முடியாது. ஆகவே எதுவானாலும் கிரய ஒப்பந்தத்திலேயே வர வேண்டும். ஆய்வு முடியும்வரை மீதிப் பணம் கிடையாது, ரிப்போர்ட் இன்ன அளவுக்கு மேல் வந்தால் அட்வான்ஸ் திரும்ப வரும், கசடை அப்புறப்படுத்தும் செலவு விலையில் கழிக்கப்படும் என்று வக்கீலை வைத்து எழுதுங்கள். விற்கிறவர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அப்போதே எழுந்து வந்துவிடலாம்.

கடைசியாக, மாடு வைத்திருக்கும் அந்தக் குடும்பம். நீங்கள் இடத்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இது இந்த வாரமே நடக்க வேண்டும். குரோமியம் லிட்டருக்கு 0.2 இருந்தால் வரம்பைப் போல நாலு மடங்கு, ஆனால் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அவர்கள் சொல்வது அவ்வளவைத்தான் சொல்கிறது. சரிவில் கீழே இருக்கிறார்கள், தினமும் மோட்டார் போடுகிறார்கள், பாறை வெடிப்பு அந்தப் பக்கம் போனால் பட்டறைத் தண்ணீர் அவர்கள் போருக்குத்தான் இழுபடும். அவர்களிடம் சொல்லிவிட்டு ஒரு மாதிரி எடுத்து, மொத்த குரோமியத்துக்கும் குரோமியம்-6க்கும் கொடுங்கள். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பைப்பில் நேராகப் பிடிக்க வேண்டும், தொட்டியில் இருந்து வேண்டாம். 0.05க்கு மேல் வந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். மாட்டுக்கு 1.0 வரை பரவாயில்லை என்று ஒரு அளவு உண்டு. பட்டறை போரே 2.4 காட்டுகிறபோது அதையும் நம்பி உட்கார வேண்டாம். இரண்டு ரிப்போர்ட்டையும் இணைத்து, சர்வே எண்ணோடு மாவட்ட ஆட்சியருக்கும் வாரியத்தின் ஓசூர் அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். அதிலேயே அந்த வீட்டுக்குக் கூட்டுக் குடிநீர் இணைப்பு கேட்டு ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ரிப்போர்ட்டின் நகல் ஒன்றை அவர்கள் கையிலும் கொடுத்து, அதில் உள்ள எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று உட்கார்ந்து சொல்லிவிட்டு வாருங்கள்.